நள்ளிரவில் இறங்கிய வினாத்தாள்: ஐபி முகவரி எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை

ஞாயிறு காலை எட்டு மணிக்கு உயர்தர மாணவர்களுக்கு மாதிரிப் பரீட்சை. ஏழரைக்கே மட்டக்களப்பு கல்லடியிலுள்ள அந்த ரியூட்டரி வாசலில் அதே வினாத்தாளின் போட்டோக்கொப்பி கைமாறிக்கொண்டிருந்தது. தாள் ரியூட்டரியின் இணையத்தளத்தில், பாடம் எடுக்கும் சேரின் கணக்குக்குள் பூட்டியிருந்த ஒரு பிடிஎப். அன்று மாலையே ஒரு மாணவனின் பெயர் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. ஆரையம்பதிப் பையன். “ஐபி முகவரியை வைத்துப் பிடித்தோம்” என்று கூடவே ஒரு ஸ்கிரீன்ஷொட். இணையத்தில் ஓர் இணைப்புக்கு வழங்கப்படும் எண்தான் ஐபி முகவரி. பத்து நாள் கழித்து அந்தச் சான்றில் ஒரு வரிகூட அவனைக் காட்டவில்லை என்பது தெளிவானது.

இது பயிற்சிக்காகக் கட்டிய நிகழ்வு. ரியூட்டரியும் ஆட்களும் கற்பனை. கீழே வரும் மூன்று ஐபி முகவரிகளும் விளக்க ஆவணங்களுக்கென்றே உலக அளவில் ஒதுக்கி வைக்கப்பட்டவை, எவருடைய இணைப்பும் அல்ல. மற்றபடி தொழில்நுட்பமும் சட்டமும் நடைமுறையில் உள்ளபடியே தரப்படுகின்றன.

கையில் இருந்த பதிவு

இணையத்தளம் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் இருந்தது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சேர்வர் ஒரு வரி எழுதிக்கொள்ளும்: ஐபி முகவரி, நேரம், கேட்ட கோப்பு, பிரவுசர் தன்னைப் பற்றிச் சொன்ன விவரம். சேரின் கணக்கில் சனிக்கிழமைக்குரிய சந்தேக வரிகள் மூன்று.

17:42:10 – 203.0.113.45 – கணக்குக்குள் நுழைவு – அண்ட்ரொயிட் போன்
17:44:31 – 203.0.113.45 – வினாத்தாள் திறக்கப்பட்டது – அதே போன்
18:41:05 – 198.51.100.7 – நுழைவு, வினாத்தாள் தரவிறக்கம் – விண்டோஸ் கணனி

தளத்தைப் பராமரிக்கும் இளைஞர் இந்த வரிகளை எக்செல்லில் போட்டு, வரைபடத்தில் இடம் காட்டும் இலவசத் தளம் ஒன்றில் இரண்டு முகவரிகளையும் தேடினார். முதலாவது கொழும்பு என்றது. இரண்டாவதற்குக் கல்முனையில் ஒரு புள்ளி விழுந்தது. பையன்மீது வழக்குக் கட்டப்பட்டது இப்படித்தான்: சனி மாலை 5:42க்கு அவன் அலுவலக அறையில் தனியாக இருந்தான். அவனிடம் இருப்பது பழைய அண்ட்ரொயிட் 10 போன், பதிவிலும் அண்ட்ரொயிட் 10. கொழும்பு என்று காட்டுவதால் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டிருக்கிறான். கல்முனையில் அவனுடைய மாமா வீடு இருக்கிறது.

நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுபோலத் தெரியும். தனித்தனியாகத் தட்டிப் பார்த்தால் நான்கும் வெறும் கூடு. விசாரணைக்கு அழைக்கப்பட்ட தகப்பன் கேட்ட கேள்வியே முதல் சரியான கேள்வி: “கொழும்பெண்டு காட்டுதாம், கல்முனையெண்டும் காட்டுதாம். என்ர மகன் ஒரு நாளையில எத்தின இடத்துல நிண்டவன் சேர்?”

நேரம்

பிழை தொடங்கியது இங்கேதான். சேர்வரின் கடிகாரம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடியது. மூலப் பதிவில் ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் ஒரு கூட்டல் குறியும் நான்கு சைபரும் இருந்தன. யுடிசியிலிருந்து வித்தியாசம் இல்லை என்பதே அதன் பொருள். எக்செல்லில் நிரல் நிரலாகப் பிரித்தபோது அந்தத் துண்டு உதிர்ந்துபோனது. மிச்சமிருந்த 17:42, இலங்கை நேரம் மாலை 5:42 என்று வாசிக்கப்பட்டது.

இலங்கை நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடுவது. ஆகவே 17:42:10 என்பது இரவு 11:12:10. மூன்றாவது வரிக்கு இன்னொரு பொறி இருக்கிறது. யுடிசியில் 18:30ஐத் தாண்டிய எதுவும் இங்கே அடுத்த நாள். சனி 18:41:05 என்று எழுதியிருந்தாலும் மட்டக்களப்பில் அது ஞாயிறு அதிகாலை 12:11:05. நேரத்தை மாற்றி நாளை மாற்ற மறப்பவர்கள் நிறைய. அந்தத் தவறோடு பொலிஸுக்கு முறைப்பாடு எழுதினால், இணைய நிறுவனம் வேறொரு நாளின் வாடிக்கையாளரைத் தேடி எடுத்துக் கொடுக்கும். அந்த முகவரியை அந்த நாளில் வைத்திருந்தவர் யாரோ ஒருவர் நிச்சயம் இருப்பார். பிழையான கேள்விக்கும் ஒரு பெயர் பதிலாக வரும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டியது.

2007இல் பெங்களூரில் இது நடந்தது. இணையத்தில் ஏறிய ஒரு படம் தொடர்பாகப் புனே பொலிஸார் ஐபி முகவரியை வைத்து விவரம் கேட்டார்கள். இணைய நிறுவனம் கொடுத்தது பிழையான வாடிக்கையாளரின் விவரம். அந்த மென்பொருள் பொறியியலாளர் ஐம்பது நாள் சிறையில் இருந்தார்.

சரியான 5:42க்கு, அதாவது யுடிசி 12:12க்கு, பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதும் அதே பதிவில் கிடந்தது. அலுவலகக் கணனியில் அவன் மாணவர் பதிவுப் படிவத்தை நிரப்பியிருக்கிறான். 12:09இலும் 12:16இலும் இரண்டு வரிகள், இரண்டும் 192.0.2.88 என்ற முகவரியிலிருந்து. அதுதான் அன்று ரியூட்டரி இணைப்பின் முகவரி. அன்று பிற்பகல் அலுவலகத்திலிருந்து வந்த எல்லா வரிகளிலும் அதுவே இருக்கிறது. சந்தேக வரிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பார்க்காமல் விட்டதால் இது கண்ணில் படவில்லை. பதிவை ஆராயும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை, தெரிந்த ஆட்கள் தெரிந்த இடங்களிலிருந்து வந்த வரிகளை அடையாளமிடுவது. சந்தேகம் அதற்குப் பிறகு வர வேண்டும்.

முதல் முகவரி: 203.0.113.45

ஒரு முகவரித் தொகுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை எவரும் ஹூஇஸ் தேடலில் பார்க்கலாம். ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு முகவரி பகிரும் ஏப்நிக் அமைப்பின் தளத்தில் அந்த வசதி உண்டு. நிறுவனத்தின் பெயர், நாடு, முறைப்பாட்டு மின்னஞ்சல் ஆகியவை கிடைக்கும். வாடிக்கையாளரின் பெயர் அதில் இருக்காது, இருக்கவும் கூடாது. இந்த முகவரி ஒரு கைத்தொலைபேசி நிறுவனத்துடையது என்பது அங்கே தெரிந்தது. பொதுவெளியில் பெறக்கூடியது அவ்வளவுதான்.

போன் டேட்டா மட்டக்களப்புக் கோபுரத்தில் ஏறினாலும், அது வெளி இணையத்துக்குள் இறங்கும் வாசல் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்திலேயே இருக்கும். பாசிக்குடாவில் நின்றாலும் பொத்துவிலில் நின்றாலும் முகவரித் தளம் கொழும்பு என்று சொல்வது இதனால்தான். பேஸ்புக்கிலோ கூகுளிலோ “கொழும்பிலிருந்து உள்நுழைவு” என்று எச்சரிக்கை வந்து பதறியவர்களில் பலர் பார்த்தது தங்கள் சொந்தப் போனைத்தான். கொழும்பு என்று காட்டுவது விபிஎன் போட்டதற்குச் சான்றே அல்ல. விபிஎன் போட்டிருந்தால் ஹூஇஸில் கைத்தொலைபேசி நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஏதோவொரு சேர்வர் வாடகை நிறுவனத்தின் பெயர் வந்திருக்கும்.

அடுத்தது பகிர்வு. நான்காம் பதிப்பு ஐபியில் உலகம் முழுவதற்கும் உள்ளவை சுமார் 430 கோடி முகவரிகள். ஏப்நிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு முகவரி கொடுக்க முடியாததால், நிறுவனங்கள் பல போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. அவற்றைப் பிரித்தறிய உதவுவது, ஒவ்வொரு தொடர்புக்கும் முகவரியோடு சேரும் போர்ட் எண். ஒரு முகவரியில் பாவிக்கக்கூடிய போர்ட்கள் ஏறத்தாழ 64,500. ஒரு போனுக்கு 1,000 ஒதுக்கினால் 64 பேர் ஒரே முகவரியில் இருப்பார்கள். 250 ஒதுக்கினால் 258 பேர். ஆகவே “203.0.113.45, இரவு 11:12:10” என்று மட்டும் கேட்டால் நிறுவனத்திடமிருந்து ஒரு பெயர் வராது, ஒரு கூட்டமே வரும். போர்ட் எண்ணையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒரு சிம்முக்கு வந்து நிற்கும்.

உங்கள் இணைப்பு இப்படிப் பகிரப்படுகிறதா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் பக்கத்தில் வான் (WAN) என்ற தலைப்பின் கீழுள்ள முகவரியையும், “என் ஐபி” என்று தேடினால் வரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், வான் முகவரி 10 இல் அல்லது 100.64 முதல் 100.127 வரையான எல்லைக்குள் தொடங்கினால், நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இந்தச் சேர்வர் போர்ட் எண்ணை எழுதவில்லை. சேர்வர் மென்பொருள்களான அப்பாச்சி, இன்ஜினெக்ஸ் இரண்டினதும் வழமையான பதிவு வடிவில் அது இல்லை. இணையத்தை நோக்கிய சேர்வர்கள் வந்தவரின் போர்ட் எண்ணையும், நொடி வரை துல்லியமான நேரத்தையும் பதிய வேண்டும் என்ற பரிந்துரை 2011 ஜூனிலேயே ஆர்எப்சி 6302 என்ற ஆவணமாக வந்துவிட்டது. ஆனால் யாராவது கையால் அந்தக் குறியைச் சேர்க்காவிட்டால் அது தானாக வராது. முதல் இரண்டு வரிகளின் பாதை இங்கேயே அடைபட்டது.

அண்ட்ரொயிட் 10 விஷயம் பையனுக்குப் பெரிய அநியாயம். குரோம் பிரவுசர் 2023 முதல் அண்ட்ரொயிட் போன்களில் உண்மையான பதிப்பையும் மொடலையும் சொல்வதில்லை. எந்தப் போனாக இருந்தாலும் “அண்ட்ரொயிட் 10, கே” என்றே எழுதும். நேற்று வாங்கிய போனும் அப்படித்தான் பதிவாகும். விண்டோஸ் 11 கணனியும் இதேபோல விண்டோஸ் 10 என்றே பதிவாகும்.

கல்முனையில் விழுந்த புள்ளி

வரைபடத் தளங்கள் எதையும் அளந்து பார்ப்பதில்லை. முகவரித் தொகுதிகளுக்கு எதிரே ஒரு ஊரை எழுதிய பட்டியலை வைத்திருக்கின்றன. நிறுவனம் அந்தத் தொகுதியைச் சென்ற வருடம் கல்முனையில் பாவித்துவிட்டு இந்த வருடம் கல்லடிக்கு மாற்றியிருந்தால் பட்டியலில் பழைய ஊர்தான் நிற்கும். ஊரும் தெரியாவிட்டால் மாவட்டத்தின் நடு, அதுவும் தெரியாவிட்டால் நாட்டின் நடு. ஒரே முகவரியை மூன்று தளங்களில் போட்டுப் பாருங்கள். மூன்று ஊர் வருவது சாதாரணம். நாட்டை இவை பெரும்பாலும் சரியாகச் சொல்லும், ஊரை நம்ப முடியாது, தெருவையும் வீட்டையும் சொல்லவே முடியாது.

ஆனாலும் திரையில் விழுவது ஒரு கூரான புள்ளி. பெரிதாக்கினால் அது யாரோ ஒருவரின் கூரையில் நிற்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பொட்வின் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீட்டுக்கு இது நேர்ந்தது. “அமெரிக்கா, இடம் தெரியாது” என்ற முகவரிகளுக்கெல்லாம் மாக்ஸ்மைண்ட் நிறுவனம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை இட்டது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டு முற்றத்தில் குவிந்தன. திருட்டுப்போன கணனியைத் தேடியவர்களும் பொலிஸாரும் வருடக்கணக்கில் அங்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 2016இல் விஷயம் வெளியே வந்த பிறகு, அந்தப் புள்ளி விச்சிட்டா நகருக்கு மேற்கே ஒரு நீர்த்தேக்கத்துக்குள் நகர்த்தப்பட்டது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு புள்ளி பக்கத்து ஊரில் விழுந்தால் அதன் விளைவு ஒரு வீட்டோடு நிற்காது. ஊருக்கு ஊர் பழைய மனக்காயம் உள்ள கரை இது. இந்தப் புள்ளியை வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அதை நினைக்க வேண்டும்.

இரண்டாம் முகவரி: 198.51.100.7

வழி திறந்தது இங்கே. நிலையான பைபர் இணைப்புகளில் பொது முகவரி ஒரு ரவுட்டருக்கே தனியாகக் கிடைப்பது உண்டு. ரவுட்டர் அணைந்து மீண்டும் இணையும்வரை பெரும்பாலும் அதே முகவரி நிற்கும். அப்படியானால் அந்த முகவரி வேறு எங்காவது பதிவில் வந்திருக்கிறதா என்று ஒரு மாதப் பதிவு முழுவதிலும் தேடினார்கள். வந்திருந்தது, ஒரே ஒரு தடவை: வெள்ளி 10:50, அதாவது மாலை 4:20, சேரின் கணக்கிலேயே.

சேருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளி மாலை வகுப்புக் குறிப்பு பிரிண்ட் எடுக்கக் கல்லடியிலேயே ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய், அங்கிருந்த கணனியில் தன் கணக்கைத் திறந்திருக்கிறார். எந்த நிறுவனத்தையும் கேட்காமல், எந்த வரைபடமும் இல்லாமல், 198.51.100.7 எந்தக் கட்டடத்தின் இணைப்பு என்பது தெரிந்துவிட்டது. கடை உரிமையாளர் சிசிடிவி கமராவுக்காக ரவுட்டரை இரவும் பகலும் போட்டே வைத்திருப்பவர், அதனால்தான் முகவரி மாறவில்லை.

இந்த இடத்தில் அடுத்த பிழைக்கு வாய்ப்பு இருந்தது. இணைய நிறுவனத்தைக் கேட்டால் வருவது கடை உரிமையாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும்தான். பில் கட்டுபவர் அவர். கணனியின் முன் இருந்தவர் யார் என்பது அந்தப் பதிலில் இல்லை. வைபை கடவுச்சொல் கடைச் சுவரில் ஒட்டியிருந்தது, அலை பின்வீடு வரைக்கும் எட்டும். ஐபி முகவரி கடை வாசல் வரை வந்தது. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

வாசலுக்குள்ளே உதவுவது ரவுட்டரின் சாதனப் பட்டியல். 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் பல ரவுட்டர்களில் அது திறக்கும். பெயர், உள்முகவரி, சாதனத்தின் வன்பொருள் எண்ணான மாக் முகவரி ஆகிய மூன்றும் இருக்கும். ரவுட்டரை அணைத்தால் பழைய விவரம் பெரும்பாலும் அழிந்துவிடும், ஆகவே முதலில் அதைப் படமெடுக்க வேண்டும். மாக் முகவரி ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. சேர்வர் பதிவில் அதைத் தேடுவது வீண். போன்களின் மாக் முகவரியை அப்படியே நம்பவும் முடியாது. அண்ட்ரொயிட் 10 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் போன் ஒவ்வொரு வைபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டும். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது அப்படிப்பட்டது என்று கொள்ளலாம். கடைப் பட்டியலில் விண்டோஸ் கணனிகள் மூன்று இருந்தன. மூன்றும் கடையின் சொந்தக் கணனிகள். வெளியார் மடிக்கணனி எதுவும் இல்லை.

கணனியைத் திறந்து பிரவுசர் வரலாற்றைப் பார்க்க எவருக்கும் கை துடிக்கும். பார்க்காமல் விட்டதே இந்த நிகழ்வில் செய்யப்பட்ட மிகச் சரியான காரியம். திறக்கும் ஒவ்வொரு பக்கமும் கோப்புகளின் நேரத்தை மாற்றும், பிறகு நீதிமன்றத்தில் “நீங்களே வைத்தீர்கள்” என்ற கேள்வி வரும். மூன்று கணனிகளும் மின்சாரம் கழற்றி ஒதுக்கி வைக்கப்பட்டன. பொலிஸ் ஊடாக வந்த நிபுணர் பின்னர் கண்டது: வெள்ளி 4:20க்கு ஒரு கணனியின் குரோம், சேரின் கடவுச்சொல்லைச் சேமித்திருக்கிறது. அந்த விண்டோஸுக்குக் கடவுச்சொல் கிடையாது, ஆகவே அமைப்புப் பக்கத்தில் கண் சின்னத்தை அழுத்தும் எவருக்கும் அது தெரியும். ஞாயிறு அதிகாலை 12:11க்கு அதே கணனியில் வினாத்தாள் இறங்கி, உடனேயே பிரிண்டருக்குப் போயிருக்கிறது. அந்த நேரத்தில் கடைச் சாவி யாரிடம் இருந்தது என்பதற்குக் கமராவும் வாக்குமூலமும் பதில் சொல்ல வேண்டும்.

பொலிஸுக்குப் போகும் கோப்பு

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி, இணைய நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர் விவரத்தையும் போக்குவரத்துத் தரவையும் பெறப் பொலிஸுக்குப் பொதுவாக நீதவானின் கட்டளை வேண்டும். சேரோ பெற்றோரோ நிறுவனத்துக்கு அழைத்துக் கேட்டால் கிடைக்காது. “தெரிந்தவர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார்” என்ற வழியில் எடுத்தால் எடுத்தவரே குற்றத்துக்குள் விழுவார். தரவு அழியும் ஆபத்து இருந்தால், எழுத்துமூல அறிவித்தலால் ஏழு நாள் வரை அதைப் பாதுகாக்கச் சொல்லலாம். நீதவானிடம் விண்ணப்பித்து மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். தொழில்நுட்ப ஆலோசனைக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கம் இருக்கிறது. சம்பவம் பேஸ்புக் போன்ற வெளிநாட்டுத் தளத்தில் நடந்திருந்தால் ஐபி முகவரியே நம் கைக்கு வந்திருக்காது. அதையும் பொலிஸ் ஊடாகத்தான் கேட்க வேண்டும். இலங்கை 2015இல் இணையக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் சேர்ந்தது இத்தகைய கோரிக்கைகளுக்கு வழி செய்யவே.

பெயரைக் கேட்பதற்குச் சட்ட வழியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்து சாட்சி. 1999இல் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் பெயரில் யாரோ ஜோடி தேடும் விளம்பரம் போட்டார்கள். ஐபி முகவரிக்கு உரியவரை வெளியிட நிறுவனம் மறுத்தது, அன்றைய சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. சிறுவனைப் பாதுகாக்க நாடு தவறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2008 முடியப்போகிறது. இணைய நிறுவனம் யாருக்கும் பெயர் கொடுக்கக் கூடாது என்பவர்கள் அந்தப் பிள்ளையையும், கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும் என்பவர்கள் பெங்களூர்க்காரரையும் நினைத்துப் பேசுவது நல்லது. நடுவில் நீதவான் நிற்பது இரண்டு பேருக்காகவும்தான்.

கோப்பில் வைத்தவை இவை: எக்செல் அல்லாத மூலப் பதிவு, கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டப் பிரதி எடுத்த உடனே கணித்த ஷா-256 எண், அதை எழுதிக் கையொப்பமிட்ட தாள், ஒவ்வொரு வரிக்கும் யுடிசி நேரமும் இலங்கை நேரமும் நாளோடு, சேர்வரின் கடிகாரம் சரியாக ஓடியதா என்ற குறிப்பு. தாமதித்திருந்தால் மூலமே இருந்திருக்காது. உபுண்டு இயங்குதளத்தில் அப்பாச்சியின் பதிவுகள் வழமையாக 14 நாளில் தாமாக அழியும். ஒரு மாதப் பதிவு கிடைத்தது, தளத்தை அமைத்தவர் அந்த அளவை முன்பே 60 ஆக்கி வைத்திருந்ததால் மட்டுமே.

சேர்வரில் இப்போது போர்ட் எண்ணும் பதிவாகிறது. சேரின் கணக்கில் கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் கேட்கப்படுகிறது. பழி வந்த அதே வட்ஸ்அப் குழுவில், 5:42 என்ற பிழையான நேரத்தையும் இரவு 11:12 என்ற சரியான நேரத்தையும் அருகருகே போட்டுச் சேர் திருத்தம் எழுதினார், பையனின் பெயரைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். ஆரையம்பதிக்கு நேரிலும் போய் வந்தார். புதிய வினாத்தாளோடு பரீட்சை நடந்தபோது பையனும் எழுதினான்.

போனில் முதலில் நுழைந்தவர் யார் என்பது மட்டும் பதிவிலிருந்து வெளிவரவில்லை. 17:42:10 வரி கோப்பில் அப்படியே இருக்கிறது. முகவரி இருக்கிறது, நேரம் இருக்கிறது, போர்ட் எண் இல்லை.